மூணாவது ஆளு

தென்னைமரத்தடியில் ஒரு சிவப்புக் கார் நின்றது. முன்கண்ணாடி உடைந்தால் ஷெட்டில் கிடந்து துருப்பிடிக்கணுமே என்கிற பயம் அதற்கு எப்பவும் உண்டு. ஆனாலும் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும்தான் எடுத்திருந்தது.

பக்கத்தில் நின்ற ஆட்டோவுக்குப் பொறுக்கவில்லை. "மேல பாரு, தேங்காய் தொங்குது. ஃபுல் இன்சூரன்ஸா எடுத்திருக்கலாமில்ல?"

"எதுக்கு? தேர்டு பார்ட்டின்னா மூணாவது ஆளு. இங்க மரம் ஒண்ணு, நீ ரெண்டு, நான்தான் மூணு. எனக்கு இது போதும்."

"யாருடா உனக்கு எண்ணக் கத்துக்கொடுத்தது?" என்றது ஆட்டோ.

காற்றுகூட அடிக்கவில்லை. ஒரு நெற்றுத் தேங்காய் தானாகக் கழன்று விழுந்தது. கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது.

"பரவாயில்ல, இன்சூரன்ஸ் இருக்கு," என்றது கார்.

"இருக்கு. ஆனா உனக்கில்ல. நீ போய் யாரை இடிக்கிறியோ அவங்கதான் மூணாவது ஆளு. இந்த மரத்தை இடிச்சிருந்தா மரத்துக்குக் காசு கிடைச்சிருக்கும்."

அதுவரை பேசாமலிருந்த மரம் மெல்லக் குனிந்தது.

"தம்பி, எனக்கு உரம் வச்சு ரொம்ப நாளாச்சு. ஷெட்டுக்குப் போறப்ப லேசா ஒரு இடி இடிச்சிட்டுப் போயேன்."