முதலில் பத்தாவது

"யாருக்கு யாருப்பா மாமா? முதல்ல பத்தாவது பாஸ் பண்ணு. அப்புறம் முறை வெச்சுக் கூப்பிடலாம்."

பட்டறை வாசலில் கிடந்த பெயின்ட் டின்னை இழுத்துக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார் கிடங்கு சூப்பர்வைசர். வெல்டர் முகமூடியைத் தூக்கிவிட்டுப் பல்லைக் கடித்தான்.

அவருடைய மகள் மருந்துக்கடையில் பில் போடுகிறவள். கட்டினால் இவனைத்தான் கட்டுவேன் என்று வீட்டில் ஒற்றைக்காலில் நின்றாள். அதற்கு வந்த தண்டனை இது. "படிக்காதவனுக்குப் பொண்ணு கிடையாது. நானெல்லாம் அந்தக் காலத்துப் பத்தாவது, தெரியுமில்ல?" என்றுவிட்டார். முப்பதைத் தாண்டிய வயசில் இவன் தனித்தேர்வுக்குப் பேர் கொடுத்தான். அன்றைக்கும் கூடவே வந்தார். இவன் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டு, "நீ கிளம்பு, எனக்கு இங்கே ஒருத்தரைப் பார்க்கணும்" என்று விரட்டிவிட்டார்.

அதோடு விட்டாரா? வேலை முடிந்ததும் நேரே பட்டறைக்கு வந்துவிடுகிறார்.

"ம், வட்டத்தோட பரப்பளவு சொல்லு."

"பை ஆர் ஸ்கொயர், சார்."

"மொட்டையா சொன்னா ஆச்சா? பை எங்கேருந்து வந்துச்சு, ஆர்னா என்ன, விளக்கமா சொல்லு."

இரும்புத் தகட்டில் சாக்பீஸால் வட்டம் போட்டு விளக்குவான். கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்பார்.

"இன்னொரு தடவை."

"இப்பத்தானே சார் சொன்னேன்?"

"சொன்னா சொல்லணும். பொண்ணு வேணுமா, வேணாமா?"

ஒருநாள் அவன் கணக்குப் புத்தகத்தையே அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். "ஒளிச்சு வெச்சுப் பார்த்துச் சொல்றியோ என்னமோ, யார் கண்டா?"

சாப்பாட்டு நேரத்தில் அவளுக்குப் போன் போட்டுப் பொருமினான்.

"உங்கப்பா என்னைத் தேற விடமாட்டார். நெருப்புக்குப் பயப்படாதவன், அந்த டின்னை இழுக்கிற சத்தம் கேட்டாலே நடுங்கறேன்."

"இங்கே மட்டும் என்ன வாழுதாம்? கிடங்குக்குப் புது மேனேஜர் வந்து எல்லாரோட சர்ட்டிபிகேட்டையும் கேட்டதுலேருந்து அப்பா எரிஞ்சு எரிஞ்சு விழறார். மொட்டைமாடியில குறுக்கும் நெடுக்குமா நடந்துக்கிட்டு ஒரே முணுமுணுப்பு. உன்னைத்தான் திட்டறார்போல. நீ பாஸ் பண்ணிடு, அது போதும்."

போதுமாம்! வாயால் சொல்லிவிட்டாள். இரும்பையே அடக்குகிற கையில் பேனா நிற்கமாட்டேன் என்றது. தீப்பொறி பார்த்துப் பழுத்த கண்ணில் எழுத்தெல்லாம் நீந்தியது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் உட்காரத் தோன்றியது. யாரோ ஒருவர் வீட்டுக் கேட்டுக்குத் தாழ்ப்பாளைத் தலைகீழாக ஒட்டிவைத்து முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

கணக்குப் பரீட்சை நாள் வந்தது. பள்ளிக்கூட கேட்டில் நின்றுகொண்டிருந்தார் சூப்பர்வைசர். சலவைச் சட்டை, நெற்றியெல்லாம் வியர்வை.

"இங்கேயுமா, சார்?"

"ஏன், ரோடு உங்கப்பன் வீட்டுதா? போ, போ உள்ளே. என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நிக்காதே."

நிஜமாகவே பரீட்சைக்குப் போகிறானா என்று வேவு பார்க்க வந்திருக்கிறார்! உள்ளே போய் உட்கார்ந்தான்.

கேள்வித்தாள் கைக்கு வந்தது. பற்றவைக்கும் முன் முகமூடியை இறக்குகிற பழக்கத்தில் தலையை வெடுக்கென்று ஓர் ஆட்டு ஆட்டினான்.

"யாருக்குய்யா சிக்னல் கொடுக்கறே?" மேற்பார்வை டீச்சர் பாய்ந்து வந்தார்.

"தொழில் பழக்கம் மேடம்."

"இனிமே தலை அசைஞ்சது, பேப்பரைப் பிடுங்கிடுவேன்."

கடைசி நிமிஷத்தில் யாரோ மூச்சிரைக்க ஓடிவந்து பின்பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இவன் திரும்பவில்லை. கழுத்தில் கம்பி வைத்து ஒட்டியதுபோல நேரே பார்த்தான்.

முதல் கணக்கே வட்டம். இரும்புத் தகடு கண்முன் வந்தது. 'இன்னொரு தடவை' என்ற குரல் காதில் கேட்டது. கை தானாக ஓடியது. அட, அந்த மனுஷன் குடைந்து குடைந்து கேட்காத கணக்கு ஒன்றுகூட இதில் இல்லையே! மனசுக்குள் முதன்முறையாக அவருக்கு ஒரு கும்பிடு போட்டான்.

மூன்றாவது கணக்கை முடித்து அடிக்கோடு போடும்போது, பின்னாலிருந்து யாரோ பெஞ்சை மெல்ல உதைத்தார்கள். அப்புறம் ஒரு செருமல். அப்புறம் காதோரமாக, நன்றாகப் பழகிய அந்தக் குரல்:

"தோளைக் கொஞ்சம் சாய்ச்சுக்குங்க மாப்ளே, மூணாவது கணக்கை மறைக்குது."