கருங்கல் அடைத்து வைத்திருந்த மூச்சு

எரிமலையடியில் கிடந்த கருங்கல்லுக்குத் தன் வயதை நினைத்து ஏகப்பட்ட தலைக்கனம். வயதைக் கண்டுபிடிக்க அதை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய் உலைக்குள் வைத்தார்கள்.

"உள்ளே அடைத்திருக்கும் காற்றை விடு தம்பி. வயது ஏற ஏறக் கல்லுக்குள் காற்று சேரும், அதை அளந்துதான் வயது சொல்வேன்" என்றது உலை.

சூடு படிப்படியாக ஏற, கல் மொத்தத்தையும் ஊதித் தள்ளியது. "எத்தனை கோடி வருஷம் அண்ணே?"

"ஒவ்வொரு சூட்டுக்கும் வேறு வேறு வயது வருகிறதே! இரண்டு பேர் காற்று கலந்திருக்கிறது. உன் காற்று துளிதான். நீ நேற்றுப் பிறந்தவன். மிச்சமெல்லாம், நீ எரிமலைக் குழம்பாக ஓடிவந்தபோது உனக்குள் கரைந்து செத்த கிழட்டுப் பாறையின் மூச்சு."

இறுகிய நாள்முதல் வயிற்றுக்குள் யாரோ துணையிருப்பதுபோல் இருந்தது ஏனென்று கல்லுக்கு அப்போதுதான் புரிந்தது.

"அதைத் திருப்பிக் கொடுத்துவிடு அண்ணே."

"அளந்ததும் வெளியே விட்டுவிட்டேனே."

கல் தனக்குள் காதுகொடுத்துக் கேட்டது. யாருமில்லை.