சனிக்கிழமை வாசிப்பு

1961இல் திண்டுக்கல் பூட்டுப் பட்டறை ஒன்றில் வேலை பார்த்த சூசைராஜ், ஹவாயன் கிட்டாரை மடியில் படுக்கவைத்து வாசிப்பார். பூட்டு வளையத்துக்கு வாங்கும் இரும்புக் கம்பியில் விரல் நீளம் வெட்டி, மழமழவென்று தேய்த்து, அதைத் தந்திகள்மேல் இழுப்பார். வலது கை விரல்கள் மீட்டும். சினிமாப் பாட்டெல்லாம் கைவந்துவிட்டது. இனி அந்த நிமிஷத்தில் தோன்றுவதை வாசிக்க வேண்டும். ஞாயிறு பூசை முடிந்ததும் அதற்கென்றே உட்கார்ந்தார்.

பக்கத்து வீட்டில் பூக்கட்டும் மாயக்காள் கேட்டாள்: “நேத்து வாசிச்சதுதானேண்ணே?”

சனிக்கிழமை முழுக்க அவர் பட்டறையில் இருந்தார். வீட்டில் வேறு ஆளில்லை. கதவில் தொங்கியது அவரே செய்த பூட்டு, சாவி ஒன்றுதான்.

அடுத்த ஞாயிறு வேறு மாதிரி வாசித்தார்.

“இதுவும் நேத்துக் கேட்டதுதாண்ணே” என்றாள்.

“நீ கேக்காதத வாசிக்காம விடமாட்டேன் தாயி.”

மூன்றாம் ஞாயிறு பாதியில் ஒரு தந்தி அறுந்தது. அவர் நிறுத்தவில்லை. மிச்ச ஐந்தில் விரல்களை ஓடவிட்டு, எங்கெங்கோ திரும்பி, வியர்க்க விறுவிறுக்க முடித்தார்.

மாயக்காள் பூக்கட்டுவதை நிறுத்தியிருந்தாள். “நேத்து கம்பி அறுந்ததுமே எந்திரிச்சுப் போயிட்டீங்க. மிச்சத்த இன்னைக்குத்தான் கேக்குறேன்.”

அந்த வாரம் சூசைராஜ் கிட்டாரைத் தொடவில்லை. சனிக்கிழமை காலை புதுத் தந்தி ஒன்றைச் சுருட்டி அதன்மேல் வைத்தார். கதவைப் பூட்டி, வழக்கம்போல் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனார்.