கத்திப்பிடியில் ஒரு குறி

"இப்பத்தைய சனத்துக்கு வெக்கமே இல்ல. மாட்டுக்குச் சுடுற குறியிலயும் களவு!"

காறித் துப்பினார் வேலாப்போடி. புளியந்தீவில் நடந்த கண்காட்சியில் முதற்பரிசு வாங்கிய காளை அவர் முன்னால் அசைபோட்டுக்கொண்டு நின்றது.

"என்ன களவு அண்ணே? அந்தாள்ர சொந்த மாடுதானே?" என்றாள் கூட வந்த தங்கை இரத்தினம்மா.

"மகனுக்கெண்டு விட்ட மாடு கா. குடி தாய் வழியாலதானே வாற? மகனுக்குத் தாய்ர குடிக்குறியெல்லோ சுடோணும்? இவன் தண்ட குடிக்குறியச் சுட்டு வெச்சிரிக்கான். எல்லாத்தையும் தண்ட பக்கம் இழுக்கிற சாதி. இதுக்குப் பரிசு வேற!"

அண்ணனோடு வாதாடி இரத்தினம்மா எந்த நாளும் வென்றதில்லை. வெள்ளைச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பின்னால் நடந்தாள்.

அடுத்த கொட்டிலில் காத்தான்குடி வியாபாரி பதியுதீன் சாமான் பரப்பியிருந்தார். நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு மடக்குக் கத்தி.

குனிந்து பார்த்த வேலாப்போடி நிமிரவில்லை.

"இத ஆரு செஞ்சது?"

"மாதிரிக்கு ஒண்டு செஞ்சிரிக்கு போடியார். சனத்துக்குப் புடிச்சா மறுகா நிறையச் செய்யலாம் எண்டு..."

"ஆரு செஞ்ச எண்டு கேட்டன்."

"திருகோணமலைப் பட்டறையில நிக்கிற ஒரு பொடியன். போன மாசந்தான் செஞ்சான். எண்ட மச்சான் வாங்கிவந்து தந்தான், நான் ஆளக் காணல்ல. மட்டக்களப்பான் எண்டு பேச்சில தெரியுதாம். பேரும் ஊரும் கேட்டா மட்டும் வாயத் துறக்கிறானில்ல."

"வெளிய எடு."

"எடுத்துத் தந்தா மடக்கி மடியில வெச்சிட்டுப் போயிருவீங்க!" என்று சிரித்தார் பதியுதீன்.

"என்னப் பாத்தாக் கள்ளன் மாதிரி இரிக்கா? எடு எண்டன்!"

கத்தி கைக்கு வந்தது. மான்கொம்புப் பிடியில் கம்பியைக் காய்ச்சிச் சுட்ட ஒரு சின்னக் குறி. பிறைபோல ஒரு வளைவு, அதற்குள் மூன்று புள்ளி.

"எங்கட குடிக்குறி! குடியில மத்தவங்களுக்கு ரெண்டு புள்ளிதான். மூண்டாம் புள்ளி எங்கட அம்மைர வீட்டுக்கு மட்டுந்தான் இரிக்கு. சத்தியமாச் சொல்றன், இது எங்கட குறி!" தங்கையின் பக்கம் திரும்பினார். "இரத்தினம், எண்ட மகன் உசிரோட இரிக்கான்! நான் அண்டைக்கே சொன்னனா இல்லயா?"

அவர் அன்றைக்கே அப்படிச் சொன்னது உண்மைதான். மூன்று வருடங்களுக்கு முன்னால் அவர் மகன் பூபாலபிள்ளையும் தங்கையின் ஒரே மகன் சாமித்தம்பியும் அவருடைய தோணியைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு வாவிக்குள் போனார்கள். காற்று அடித்தது. தோணி கவிழ்ந்து மிதந்தது.

நாலு நாள் கழித்து, கரைச் சேற்றில் நின்ற கண்ணா மரங்களுக்குள் ஓர் உடல் ஒதுங்கியது. மீனும் நண்டும் தின்ற முகம். ஊரே தயங்கி நிற்க, வேலாப்போடி ஒரே பார்வையில் சொன்னார்: "இது சாமித்தம்பி. எண்ட பொடியன் எனக்குப் பயந்து எங்கயோ ஓடிட்டான்."

அண்ணன் சொன்னதை இரத்தினம்மா ஏற்றுக்கொண்டாள். வருடந்தோறும் மகனுக்குப் படையல் வைத்தாள். அந்தப் படையல் சோற்றை வேலாப்போடியும் தவறாமல் வந்து சாப்பிட்டுப் போனார்.

"நாளைக்கே திருகோணமலைக்குப் போறன்," என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார் இப்போது. "தோணி போனாப் போகட்டும். ஒரு அடி அடிக்க மாட்டன். எண்ட புள்ளையக் கூட்டிக்கொண்டுதான் வருவன்!"

இரத்தினம்மா அவர் கையிலிருந்த கத்தியை மெல்ல வாங்கினாள். மூன்று புள்ளிகளையும் விரலால் தடவினாள். மறுபடியும் தடவினாள்.

"அண்ணே... பூபாலன் இந்தக் குறியப் போட மாட்டானே. அவன் தாய்ர குடி, மச்சாள்ர குடியெல்லோ?"

வேலாப்போடி கத்திக்குக் கையை நீட்டினார்.

"அம்மைக்கு நாம ரெண்டு பேர்தானே அண்ணே. நீங்க ஆம்புள. இந்தக் குறி எண்ட வயித்துப் புள்ளைக்குத்தான் வரும்." அவள் கத்தியை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியவில்லை. "எண்ட சாமித்தம்பி! எண்ட ராசா! அப்ப அண்டைக்கு நாம குழியில வெச்சது..."

அண்ணனின் முகத்தைப் பார்த்ததும் மிச்சத்தை விழுங்கிக்கொண்டாள்.

வேலாப்போடி அவள் கைவிரல்களைப் பிரித்துக் கத்தியைப் பிடுங்கினார். மடக்கினார். கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டு மூடினார்.

"என்ன போடியார், திருகோணமலைக்கு எண்ட மச்சானையும் கூட அனுப்பட்டா?" என்றார் ஒன்றும் விளங்காத பதியுதீன். "உங்கட குறிதான் எண்டு இப்பதானே சத்தியம் பண்ணினீங்க?"

சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கூட்டத்தை விலக்கி நடந்தார் வேலாப்போடி. தங்கை கூப்பிட்டதற்கும் திரும்பாமல் சொன்னார்:

"அது எங்கட குறி இல்ல."