வீடு பார்க்கும் ஞாயிறு

“பீரோவை இந்தச் சுவர்ல வைக்கலாமா, இல்ல ஜன்னல் ஓரமா?” என்று கேட்டாள் கலைமதி.

“ஜன்னல் ஓரம் வேணாம். அங்கதான் நீ சாயங்காலம் உக்காந்து என்னைத் திட்டுவ. காத்து வர வேணாமா?” என்றான் தமிழ்மணி.

வீடு காட்ட வந்த ஜமீல் சிரித்துக்கொண்டே சாவியை நீட்டினான். “நிதானமா பாருங்க சார். நான் கீழ ஆபீஸ்ல இருக்கேன். லிஃப்ட் இன்னும் போடலை, படியில பாத்து இறங்குங்க.”

அவன் செருப்புச் சத்தம் கீழே இறங்கி மறைந்ததும் இருவரும் பீரோவை மறந்தார்கள். பால்கனியில் அவள் துப்பட்டாவை விரித்துப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். எதிரே வெயில் இறங்கிய எறும்பீசுவரர் மலை. கலைமதி அவன் தோளில் சாய்ந்துகொண்டாள்.

அவர்கள் வீடு வாங்க வரவில்லை. அதற்கு இன்னும் நாலைந்து வருஷமாவது ஆகும். இப்போது இருப்பது ஸ்ரீரங்கத்தில், அவனுடைய அப்பா அம்மாவோடு, ஒரே பெட்ரூம் உள்ள வாடகை வீட்டில். தனிக்குடித்தனம் போனால் சேர்க்கிற பணமெல்லாம் வாடகைக்கே போய்விடும் என்று கல்யாணத்துக்கு முன்பே இருவரும் பேசி முடிவெடுத்திருந்தார்கள். முடிவு என்னவோ சரிதான். ஆனால் அந்த பெட்ரூமில்தான் வீட்டின் பீரோ, அரிசி டின், இன்வெர்ட்டர் எல்லாம் இருந்தன. உள்ளே இவர்கள் கொஞ்சம் சிரித்துவிட்டால் போதும், ஹாலில் அம்மா நாசூக்காக டிவி சத்தத்தைக் கூட்டுவாள். அதற்கு அவள் கதவையே தட்டியிருக்கலாம்.

ஒரு ஞாயிறு, சும்மா ஒரு புது ஃப்ளாட்டைப் பார்க்கப் போனபோதுதான் தெரிந்தது, சாவியைக் கொடுத்துவிட்டுப் போனவன் ஒரு மணி நேரம் எட்டிப் பார்க்க மாட்டான் என்று. அன்றிலிருந்து வாரம் தவறாமல் வீடு பார்க்கிறார்கள். ஆறு நாள் சேர்த்து வைத்த பேச்சை அந்த ஒரு மணி நேரத்தில் பேசுவார்கள்.

“லேப்ல அந்தப் புது மேனேஜர் இன்னும் கத்துறாரா?” என்று கேட்டான்.

“அவரை விடுங்க. எனக்கு வேற ஒண்ணு உறுத்துது.”

“என்ன, கிச்சன் சின்னதா இருக்கா?”

“விளையாடாதீங்க. இந்த ஃப்ளாட் விளம்பரத்தைப் பேப்பர்லேர்ந்து கத்தரிச்சு என் கையில கொடுத்தது யாரு? அத்தை. முதல்ல திருவானைக்காவல் சொன்னாங்க, அப்புறம் சமயபுரம், போன வாரம் மணிகண்டம். இப்ப திருவெறும்பூர்.”

“பாவம். டவுனுக்குள்ள நமக்குக் கட்டுப்படியாகாதுன்னு தள்ளித் தள்ளித் தேடறாங்க.”

“அதான் சொல்றேன். நாம நிஜமாவே வாங்கப் போறோம்னு நம்பிக்கிட்டு இருக்காங்க. இன்னிக்கும் வாசல் வரைக்கும் வந்து, ‘அவசரப்படாதீங்க, எல்லா ரூமும் பாருங்க, குழாயெல்லாம் திறந்து பாருங்க, ராத்திரி சாப்பாடு வெளியில முடிச்சுக்கிட்டே வாங்க’ன்னாங்க. மாமாவுக்குக் கடை லீவு ஞாயித்துக்கிழமை ஒண்ணுதான். அன்னிக்குக்கூட மகனோட உக்காந்து சாப்பிடணும்னு நினைக்காம அனுப்பி வைக்கிறார். நாம இங்க வந்து ஜாலியா காத்து வாங்கறோம்.”

தமிழ்மணி மலையிலிருந்து அவள் பக்கம் திரும்பினான்.

“சொல்லிடலாமா?”

“சொன்னா அடுத்த வாரத்துலேர்ந்து இது கிடையாது.”

“கிடையாதுதான்.”

“பரவாயில்ல” என்றாள் கலைமதி. சொன்ன பிறகும் அவன் தோளிலிருந்து தலையை எடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத் துப்பட்டாவை உதறிக்கொண்டு எழுந்தார்கள்.

சாவியை வாங்கிக்கொண்ட ஜமீல், “அதுக்குள்ளயா சார்? வீடு பிடிக்கலையா?” என்றான்.

“ரொம்பப் பிடிச்சிருக்கு. அதான் பிரச்சினை” என்றான் தமிழ்மணி.

பைக் காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குள் நுழைந்தது. வழக்கமாக இருட்டிய பிறகு வருகிறவர்கள், இன்று பொழுது இருக்கும்போதே வீட்டு வாசலில் நின்றார்கள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. இரண்டாவது தடவை பெல் அடித்த பிறகுதான் அப்பா ரங்கநாதன் வந்து திறந்தார்.

“என்னடா, அதுக்குள்ள வந்துட்டீங்க? வண்டி ஏதும் பஞ்சரா?”

“இல்லப்பா. அம்மாவையும் கூப்பிடுங்க. ஒண்ணு சொல்லணும்.”

ராசாத்தி சமையலறையிலிருந்து வந்தாள். தமிழ்மணி தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னான். கையில் அவ்வளவு பணம் இல்லை என்பதை, இத்தனை வாரமும் வீடு பார்த்தது வெறும் சாக்கு என்பதை, தனியாக உட்கார்ந்து பேச வேறு இடம் கிடைக்கவில்லை என்பதை.

“தப்புதான் அத்தை” என்றாள் கலைமதி. “நீங்க இவ்வளவு ஆசையா தேடித் தர்றீங்க. உங்களை ஏமாத்தற மாதிரி இருந்துச்சு. இனிமே போக மாட்டோம். ஞாயித்துக்கிழமை எல்லாரும் வீட்லயே ஒண்ணா இருப்போம்.”

ராசாத்தியின் முகம் வாடிப்போனது. கணவரைப் பார்த்தாள். அவர் சட்டைப் பொத்தானை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

“வீடு கிடக்குது, எப்ப முடியுதோ அப்ப வாங்குங்க” என்றாள் அவள், மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு. “ஆனா பாக்கப் போறதை மட்டும் நிறுத்திடாதம்மா. எங்களுக்குக் கல்யாணமான நாள்லேர்ந்து இந்த மனுஷனும் நானும் தனியா உக்காந்து ஒரு வாய் காப்பி குடிக்கிறதே, நீங்க வீடு பாக்கப் போற இந்த ஞாயித்துக்கிழமையிலதான்.”