பாடுவதற்கு ஒரு வளை

பிள்ளைப்பூச்சி ஒன்று துணையை அழைத்துப் பாடுவதற்கென்றே ஈரமண்ணில் வளை தோண்டியது. வாசலைப் புனல்போல விரித்தால் பாட்டு வயல் தாண்டிக் கேட்கும்.

"இன்னிக்காவது பாடுவியா?" என்று கேட்டது பக்கத்து மண்புழு.

"சுவர் சொரசொரன்னு இருக்கு. இழைச்சிட்டுப் பாடறேன்."

சுவர் முடிந்ததும் கூரை கோணலாகத் தெரிந்தது. கூரை முடிந்தபோது மழைக்காலமும் முடிந்திருந்தது. வாசலில் கிடந்த சருகையெல்லாம் வழித்துத் தள்ளிவிட்டு, பிள்ளைப்பூச்சி சிறகை உரசிப் பாடியது. பாட்டு வயல் தாண்டிப் போனது. யாரும் வரவில்லை.

"கேட்க ஒருத்திகூடவா இல்லை?" என்றது.

"ஒருத்தி இருந்தா. நீ எப்போ பாடுவேன்னு தினமும் உன் வாசல்ல வந்து உட்காருவா."

"இப்போ எங்கே?"



"வழிச்சுத் தள்ளினியே, அந்தச் சருகோட சருகா அவளும் கிடந்தா."