தோளுக்கேற்ற தோட்டா

அமெரிக்காவின் மொன்டானாவில் துப்பாக்கி செய்யும் கெர்மிட்டின் பட்டறைக்குள் மாலை வெயில் சாய்ந்து விழுகிறது. வெர்னாவின் புது வேட்டைத் துப்பாக்கிக்கு இன்னும் குழல் பொருத்தவில்லை. எந்தத் தோட்டாவுக்கான குழல் என்று அவள்தான் சொல்ல வேண்டும். மேசையில் நிற்கும் மூன்று தோட்டாக்களில் ஆகச் சிறியதை எடுத்து உள்ளங்கையில் உருட்டுகிறாள். பித்தளை மினுங்குகிறது. "இத வெச்சு மானுக்குக் கிச்சுகிச்சு மூட்டப் போறியா?" என்கிறான் கணவன் ஓரின். "போன வருஷம் உன் பெரிய தோட்டா பைன் மரத்தத்தானய்யா கொன்னுச்சு? இது சுடும்போது தோள உதைக்காது. உதைக்கலேன்னா கண்ண மூட மாட்டேன், குறியும் தப்பாது." கெர்மிட் சிரிப்பை அடக்கிக்கொண்டு மேசையிலிருந்த மரத்தூளை ஊதுகிறான். போன குளிர்காலத்தில் அறுவை சிகிச்சை செய்த தோளில் வெறும் துப்பாக்கிக் கட்டையைச் சாய்த்து, வெர்னா கன்னம் பதிக்கிறாள். வலிக்கவில்லை. இந்த இலையுதிர் காலத்தில் அவளும் மலையேறுவாள். ஓரின் தொண்டையைச் செருமிக்கொண்டு கெர்மிட்டின் காதருகே குனிகிறான். "எனக்கும் இதே மாதிரி ஒண்ணு பண்ணிக் குடுப்பா."